மாறும் பக்கமும் மாறாத பக்கமும்: வெள்ளி முதலீட்டு நாணயங்களைச் சேகரிப்பது பற்றி

ஓர் அவுன்ஸ் எடையுள்ள இரண்டு வெள்ளி நாணயங்கள் அருகருகே இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 31.1 கிராம் வெள்ளி, இரண்டின் தூய்மையும் ஆயிரத்துக்கு 999, இரண்டையும் உருக்கினால் கிடைப்பதும் ஒன்றே. ஆனாலும் ஒன்றை உலோக விலைக்குச் சற்று மேலே கொடுத்து எவரும் வாங்கிவிடலாம். மற்றொன்றுக்கு அதைப்போல் பல மடங்கு கொடுக்கச் சேகரிப்பாளர்கள் காத்திருப்பார்கள். வேறுபாடு வெள்ளியில் இல்லை, வடிவத்தில்தான் இருக்கிறது என்று பெரும்பாலோர் சொல்வார்கள். நான் அதைப் பாதியளவே ஒப்புக்கொள்கிறேன். இந்த நாணயங்களை விலையேற்றத்துக்காக அல்லாமல் பார்த்துப் படிப்பதற்காகச் சேர்த்து வருபவன் என்ற முறையில் எனக்குப் படுவது இது: ஒரு நாணயத்தின் வடிவம் எத்தனை முறை மாறியது என்ற கணக்கு பெரிதல்ல, எது மாறாமல் இருக்கும்போது எது மாறுகிறது என்பதுதான் அதைச் சேகரிப்புக்கு உரியதாக்குகிறது.

நாணயங்களின் இயல்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புல்லியன் நாணயம் எனப்படும் முதலீட்டு நாணயம், ஓர் அரசின் பெயரால் சட்டப்படி செல்லுபடியாகும் நாணயமாக வெளியிடப்பட்டாலும், கைமாறிப் புழங்குவதற்காக அச்சடிக்கப்படுவதில்லை. அதன் மீதுள்ள முகமதிப்பு பெயரளவுக்கே: அமெரிக்க ஈகிளில் 1 டாலர், கனடாவின் மேப்பிள் லீஃபில் 5 டாலர், பிரிட்டனின் பிரிட்டானியாவில் 2 பவுண்டு, ஆஸ்திரியாவின் பில்ஹார்மோனிக்கில் ஒன்றரை யூரோ. மெக்சிகோவின் லிபர்டாட் இந்தச் சம்பிரதாயத்தையே விட்டுவிட்டது. அதில் முகமதிப்பு எதுவும் பொறிக்கப்படுவதில்லை. வெள்ளியின் சந்தை விலைக்கு மேல் வாங்குபவர் கொடுக்கும் தொகையைப் பிரீமியம் என்பார்கள். அச்சடிக்கும் செலவும் விற்பவரின் லாபமும் அதில் ஒரு பகுதி. மீதமுள்ளது, அந்த நாணயத்தை அதற்காகவே விரும்புகிறவர்கள் கொடுப்பது. நான் பேச விரும்புவது அந்த மீதியைப் பற்றித்தான்.

நாணயச்சாலைகள் இந்த விஷயத்தில் இரண்டு வழிகளில் போயின. ஈகிள், மேப்பிள் லீஃப், பில்ஹார்மோனிக், தென்னாப்பிரிக்காவின் க்ரூகராண்ட் ஆகியவை ஒரே வடிவத்தை ஆண்டுதோறும் தொடர்ந்தன. எந்த ஊரில் காட்டினாலும் பார்த்தவுடன் இன்னது என்று தெரிய வேண்டும், தெரிந்தால்தான் தயக்கமின்றி வாங்குவார்கள் என்பது இதன் பின்னுள்ள வணிக நியாயம். சீனாவின் பாண்டா, ஆஸ்திரேலியாவின் கூக்கபரா, கோலா, சோமாலியாவின் பெயரால் வரும் யானை ஆகியவை ஆண்டுக்கு ஒரு புதிய வடிவத்தோடு வந்தன. முதல் வகை முதலீட்டாளருக்கு, இரண்டாம் வகை சேகரிப்பாளருக்கு என்று ஒரு கோடு கிழித்துப் பிரிப்பது வழக்கம். நடைமுறையில் அந்தக் கோடு நிற்பதில்லை.

ஈகிளையே எடுத்துக்கொள்ளலாம். அது ஓர் அழகியல் நோக்கத்தில் பிறந்ததல்ல. அமெரிக்க அரசு பாதுகாப்புத் தேவைக்காகக் கையிருப்பில் வைத்திருந்த பெருமளவு வெள்ளியை விற்றுத் தீர்க்க ஒரு வழி வேண்டியிருந்தது. மொத்தமாகச் சந்தையில் கொட்டினால் விலை சரியும் என்ற அச்சமும் இருந்தது. 1985-ஆம் ஆண்டின் சட்டம் அந்த வெள்ளியை நாணயமாக்கி விற்க வழிசெய்தது. 1986-இல் முதல் ஈகிள் வெளிவந்தது. முகப்புக்குப் புதிதாக எதையும் வரையாமல், அடால்ஃப் வைன்மன் 1916-ஆம் ஆண்டு அரை டாலருக்காகச் செய்த நடக்கும் சுதந்திர தேவியின் உருவத்தை எடுத்துக்கொண்டார்கள். பின்புறத்துக்கு ஜான் மெர்கான்டி கேடயம் தாங்கிய கழுகு ஒன்றைச் செய்தார். பழைய அரை டாலரில் 30.6 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருந்த தேவி, ஈகிளின் 40.6 மில்லிமீட்டர் பரப்புக்கு வந்தபோதுதான் அவளுடைய ஆடையின் மடிப்புகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது என்பது என் எண்ணம். கையிருப்பைத் தீர்க்க வந்த நாணயம், உலகில் மிக அதிகமாகச் சேகரிக்கப்படும் வெள்ளி நாணயங்களில் ஒன்றாகிவிட்டது. அதுவும் முப்பத்தைந்து ஆண்டுகள் வடிவம் மாறாமலேயே.

இதற்கு நேர் எதிரில் பாண்டா. வெள்ளியில் அது 1983-இல் தொடங்கியது. முதல் ஆண்டுகளின் வெள்ளிப் பாண்டாக்கள் 27 கிராம் எடையும் 900 தூய்மையும் கொண்ட, சேகரிப்பாளருக்கென்றே மெருகேற்றப்பட்ட நாணயங்கள். ஓர் அவுன்ஸ் முதலீட்டு நாணயம் 1989-இல்தான் வந்தது. ஒருபுறம் பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயிலில் நல்விளைச்சலுக்கு வேண்டும் மண்டபம், மறுபுறம் பாண்டா. மண்டபம் ஆண்டுதோறும் நிற்கிறது, பாண்டா மட்டும் ஒரு வருடம் மூங்கில் தின்னும், ஒரு வருடம் குட்டியை அணைத்துக்கொண்டிருக்கும். 2001-இல் சீனா மற்ற நாடுகளைப் போல வடிவத்தை நிலைநிறுத்த முடிவு செய்தது. மூங்கில் காட்டினூடே நடந்துவரும் அந்த ஆண்டின் பாண்டாவே 2002-லும் வந்தது. சேகரிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2003-இல் புதிய பாண்டா வந்தது, அதன் பிறகு வழக்கம் மாறவில்லை.

இந்தச் சம்பவத்தைப் பலரும் ‘மக்கள் புதுமையைத்தான் விரும்புகிறார்கள்’ என்பதற்குச் சான்றாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதுமைதான் வேண்டுமென்றால் அந்த இரண்டு ஆண்டுகளில் அவர்கள் வேறு நாட்டு நாணயங்களுக்குப் போயிருக்கலாம். அவர்கள் கேட்டது, இருபது ஆண்டுகளாக நாணயச்சாலை கடைப்பிடித்த ஒரு நியதி கைவிடப்படக் கூடாது என்பதை. பாண்டா மாறும் என்பதே அந்த வரிசையின் மாறாத விதி. வெண்பாவில் சொற்கள் பாட்டுக்குப் பாட்டு வேறாக இருக்கலாம். ஈற்றடி முச்சீராக முடியும் என்பதை மட்டும் மாற்ற முடியாது. அந்த இலக்கணம் இருப்பதால்தான் ஒவ்வொரு வெண்பாவின் தனித்தன்மையும் காதில் விழுகிறது. மண்டபம் ஒருபுறம் அசையாமல் இருப்பதால்தான் பாண்டாவின் ஒவ்வோர் அசைவும் அடுத்த அசைவோடு ஒப்பிடக்கூடியதாகிறது. கூக்கபராவும் அப்படியே. 1990 தொடங்கி இன்றுவரை அந்த நாணயத்தில் அதே பறவைதான். கிளையில் அமர்ந்தும், இணையோடும், சிறகு விரித்தும் வருகிறதே தவிர வேறொரு பறவைக்கு இடம் கொடுத்ததில்லை. இதனால் நாணயங்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறவர் பறவையைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. இறகுகளைக் காட்டச் செதுக்குபவர்கள் என்ன உத்தியைக் கையாண்டார்கள், பின்னணியை எவ்வளவு வெறுமையாக விட்டார்கள் என்பதெல்லாம் கண்ணில் படத் தொடங்கும்.

மாறாத வடிவங்கள் என்று சொல்லப்படுபவற்றுள்ளும் மாற்றம் உண்டு. அது மெதுவாக வருவதால் சுவை கூடுகிறது. மேப்பிள் லீஃப் 1988-இல் தொடங்கியது. வால்டர் ஓட் வடித்த அந்த இலை இன்றும் அதே இலைதான். ஆனால் மறுபக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் ஆர்னால்ட் மேச்சின் செய்த, இளமை மாறாத எலிசபெத் அரசியின் உருவம். 1990-இல் டோரா டி பெடெரி-ஹன்ட் செய்த, கிரீடம் சூடிய, நடுவயது கடந்த முகம் வருகிறது. பிறகு சூசன்னா பிளன்ட் செய்த, கிரீடமில்லாத, முதிர்ந்த முகம். 2023-இல் அரசியின் மறைவைக் குறித்து 1952, 2022 என்ற இரு ஆண்டுகளும் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு மன்னர் சார்லஸ் வந்துவிட்டார். இலைக்கு வயதாகவில்லை, அரசிக்கு வயதாகிக்கொண்டே போனது. இந்த வரிசையை ஆண்டுக்கு ஒன்றென முழுமையாகச் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. முகத்துக்கு ஒன்று என்று வைத்தால் கையளவு நாணயங்களில் ஒரு நீண்ட ஆட்சியின் கதை கிடைத்துவிடும். முதலீட்டாளர் என்று அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் இலைப்பக்கத்தை மட்டுமே பார்ப்பதால், இந்த முக வேறுபாடுகளுக்கு விலை பெரிதாக ஏறுவதில்லை என்பது சேகரிப்பாளருக்கு ஒரு வசதி.

லிபர்டாட் இன்னும் நுட்பமானது. 1982-இல் வந்த இந்த நாணயத்தில் மெக்சிகோ நகரின் விடுதலைத் தூண் உச்சியில் நிற்கும் சிறகுள்ள வெற்றித் தேவி இருக்கிறாள். 1995 வரை ஓர் அவுன்ஸ் நாணயத்தில் அவள் நம்மை நேராகப் பார்த்து நின்றாள். 1996-இல் நாணயத்தின் விட்டம் 36 மில்லிமீட்டரிலிருந்து 40 மில்லிமீட்டரானது, தேவியும் சற்றே பக்கவாட்டில் திரும்பிக்கொண்டாள். பின்னணியில் போபோகாட்டெபெட்ல், இஸ்தாக்சிவாட்ல் என்னும் இரு எரிமலைகள். 2000-இல் மறுபக்கத்தின் தேசியச் சின்னத்தைச் சுற்றி அந்நாட்டின் பழைய சின்னங்கள் வட்டமாக அமைக்கப்பட்டன. ஆக, நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் மூன்றே வகைகள். அதை அச்சடிக்கும் மெக்சிகோ நாணயச்சாலை 1535-இல் நிறுவப்பட்டது, அமெரிக்கக் கண்டங்களிலேயே மிகப் பழையது. முகமதிப்பு இல்லாததால் பரப்பு முழுவதும் உருவத்துக்கே கிடைத்திருக்கிறது. தொடர்ந்து வரும் வெள்ளி நாணயங்களில் அழகுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் இதைத்தான் எடுப்பேன்.

எண்ணிக்கைக்கு வருவோம். எத்தனை நாணயங்கள் அச்சடிக்கப்பட்டன என்பதே சேகரிப்பு மதிப்பின் முதல் அளவுகோல் என்று சொல்லப்படுகிறது. ஈகிளில் முதலீட்டு நாணயமாக மிகக் குறைவாக வெளிவந்த ஆண்டு 1996, எண்ணிக்கை 36,03,386. அதே நாணயம் 2015-இல் 4 கோடியே 70 லட்சத்தை எட்டியது. 36 லட்சம் என்பது எந்த அளவுகோலாலும் அரிய எண்ணிக்கை அல்ல. இருந்தும் 1996-ஆம் ஆண்டு ஈகிளுக்கு மற்ற சாதாரண ஆண்டுகளைவிடத் தெளிவாகக் கூடுதல் விலை உண்டு. ஆண்டுக்கு ஒன்று என்று வரிசையை நிறைவு செய்பவர்கள் ஏராளமாக இருப்பதும், அவர்கள் ஒவ்வொருவரும் அந்த ஆண்டைக் கடந்தாக வேண்டியிருப்பதுமே காரணம். மறுபுறம், எங்கோ ஒரு சிறிய தீவின் பெயரால் ஐயாயிரம் மட்டும் அச்சடிக்கப்பட்ட நாணயம், வாங்கிய விலைக்குக்கூடத் திரும்பப் போகாமல் கிடப்பதைப் பார்க்கலாம். ஐயாயிரம் என்பது சிறிய எண்தான். அதைத் தேடுபவர்கள் ஐந்நூறு பேர் என்றால் அது பெரிய எண். அருமை என்பது எண்ணிக்கைக்கும் தேடுபவர்களுக்கும் இடையிலான விகிதம். தேடுபவர்களை உண்டாக்குவது, நிறைவு செய்யத் தூண்டும் நீண்ட, ஒழுங்கான வரிசை.

இதற்கு 1995-ஆம் ஆண்டின் டபிள்யூ ஈகிளை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. ஈகிள் திட்டத்தின் பத்தாவது ஆண்டைக் கொண்டாட, நான்கு தங்க ஈகிள்களோடு ஒரு வெள்ளி ஈகிளையும் சேர்த்து ஒரு பெட்டியாக விற்றார்கள். அந்த வெள்ளி நாணயம் வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையில் புரூஃப் முறையில், அதாவது மெருகேற்றிய தகட்டில் சிறப்பு அச்சுகளால் பலமுறை அழுத்தி அச்சடிக்கப்பட்டது. அந்த நாணயச்சாலையின் குறியான டபிள்யூ எழுத்தைத் தாங்கி வந்தது. தனியாக அதை வாங்க வழியில்லை. வெள்ளி மட்டும் வேண்டுமென்றவர்களும் தங்கத்துக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். பலர் விட்டுவிட்டார்கள். மொத்தம் 30,125 மட்டுமே வெளிவந்தன. வடிவத்தில் புதிதாக எதுவும் இல்லை. அதே தேவி, அதே கழுகு. அந்த ஆண்டின் மற்ற புரூஃப் ஈகிள்களில் பிலடெல்பியாவின் பி எழுத்து இருக்க, இதில் டபிள்யூ இருக்கிறது. ஈகிள் வரிசையின் மகுடமாக இன்று மதிக்கப்படுவது இதுதான். ஒற்றை எழுத்து இவ்வளவு கனம் பெற்றது அதைச் சூழ்ந்துள்ள மற்ற எல்லாம் ஒன்றாகவே இருப்பதால்.

2008-இல் நடந்தது இன்னும் நுணுக்கமானது. அந்த ஆண்டு ஈகிளின் பின்புற எழுத்துகளைச் சற்றே மாற்றி அமைத்தார்கள். நாட்டின் பெயரில் வரும் முதல் எழுத்தான யு, பழைய அச்சில் அடியில் வால் இல்லாமல் வழுவழுப்பாக வளைந்திருக்கும்; புதிய அச்சில் வலப்பக்கக் கால் கீழே சிறிது நீண்டிருக்கும். 2008-க்கான டபிள்யூ நாணயங்களில் ஒரு பகுதி தவறுதலாக 2007-இன் பழைய பின்புற அச்சோடு அடிக்கப்பட்டுவிட்டது. அவை ஏறத்தாழ 47,000 என்று கணக்கிடப்படுகிறது. உருப்பெருக்கி இல்லாமலும் பார்க்க முடிகிற, ஆனால் சொன்னால்தான் கண்ணில் படுகிற வேறுபாடு. ஆண்டுதோறும் எழுத்தமைப்பு மாறும் வரிசையாக இருந்திருந்தால் இதை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். பிறகு 2021-இல் பின்புறம் முழுமையாக மாறியது. கேடயக் கழுகு விலகி, எமிலி டாம்ஸ்ட்ரா வரைந்த, ஓக் கிளையை ஏந்திக்கொண்டு கூட்டில் இறங்க முனையும் கழுகு வந்தது. அந்த ஓராண்டுக்கு மட்டும் இரண்டு பின்புறங்கள் உண்டு. புதிய கழுகு இயல்பாக இருக்கிறது. பழையது சின்னமாக நின்றது. எனக்குப் புதியதுதான் பிடித்திருக்கிறது, அதைச் சொன்னால் கோபித்துக்கொள்பவர்கள் உண்டு என்பதும் தெரியும்.

முடிவு அறிவிக்கப்பட்ட வரிசைகள் மூன்றாவது வகை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலையின் சந்திர ஆண்டு வரிசை, சீன ஆண்டுகளைக் குறிக்கும் பன்னிரண்டு விலங்குகளோடு முடிகிறது. வெள்ளியில் முதல் வரிசை 1999-இல் முயலில் தொடங்கி 2010-இல் புலியில் நிறைவுற்றது. இரண்டாம் வரிசை 2008 முதல் 2019 வரை. மூன்றாவது 2020-இல் தொடங்கி 2031-இல் முடியும். முதல் இரண்டும் மூன்று ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. இரண்டாம் வரிசையின் ஓர் அவுன்ஸ் நாணயத்துக்கு ஆண்டுக்கு 3,00,000 என்ற உச்சவரம்பு வைத்தார்கள். 2012-இன் டிராகனுக்கு ஏற்பட்ட கிராக்கியை வரம்பு மட்டுமே விளக்காது, எலிக்கும் பன்றிக்கும் அதே வரம்புதானே. டிராகனை வரிசைக்கு வெளியே இருப்பவர்களும் தேடுகிறார்கள். கனடா 2011 முதல் 2013 வரை ஓநாயில் தொடங்கி ஆறு காட்டு விலங்குகளை, வகைக்குப் பத்து லட்சம் என்று வெளியிட்டது. ஆறு என்பது எவருக்கும் கைக்கெட்டும் எண். எண்ணிக்கை பெரிதாக இருந்தும் அந்த வரிசை நன்றாகவே நிலைத்திருக்கிறது.

பிரிட்டனின் அரசி விலங்குகள் வரிசை இந்த வகையில் மிக நேர்த்தியாகத் திட்டமிடப்பட்டது என்பேன். 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்காக ஜேம்ஸ் உட்ஃபோர்ட் செய்த பத்துச் சிலைகளை அடிப்படையாகக் கொண்டு ஜோடி கிளார்க் பத்து நாணயங்களை வடிவமைத்தார். 2016-இல் இங்கிலாந்தின் சிங்கம் முதலில் வந்தது. 2021-இல் பத்து விலங்குகளும் ஒன்றாக இருக்கும் நிறைவு நாணயத்தோடு வரிசை மூடப்பட்டது. அரசியின் முகத்தை முன்புறத்தில் செய்தவரும் அதே ஜோடி கிளார்க்தான், ஆகவே இருபுறமும் ஒரே கையின் வேலை. இரண்டு அவுன்ஸ் தடிமன் விலங்குகளின் புடைப்புக்கு நன்கு இடம் கொடுத்தது. அடுத்ததாக 2022 முதல் டியூடர் விலங்குகள் என்று இன்னொரு வரிசை வந்தபோது எனக்குச் சற்று அலுப்புத் தட்டியதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த அலுப்பு தனிப்பட்ட ரசனை மட்டுமல்ல. கடந்த சில ஆண்டுகளில் வடிவங்களின் வெள்ளம் சேகரிப்பையே மூழ்கடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. நியுவே, டோக்கெலாவ், குக் தீவுகள் போன்ற சிறு நாடுகள் அல்லது ஆட்சிப்பகுதிகளின் பெயரால் வெளிவரும் நாணயங்களில் திரைப்படப் பாத்திரங்கள் முதல் கற்பனை விலங்குகள் வரை எல்லாம் வந்துவிட்டன. நிலையான வடிவங்களிலும் பிரிவி மார்க் என்னும் சிறு முத்திரையை ஒரு மூலையில் பொறித்துப் புதிய நாணயமாக விற்பதும், பொன்முலாம் பூசுவதும், வண்ணம் அச்சிடுவதும் பெருகியிருக்கின்றன. முத்திரைகளை நான் முழுவதும் ஒதுக்கவில்லை. ஒரு நிகழ்வோடு தொடர்புடைய முத்திரை அந்த ஆண்டின் குறிப்பாக நிற்கும். ஆனால் ஒரே ஆண்டில் ஒரே இலைக்கு அடுத்தடுத்து முத்திரைகள் வரும்போது, எந்த வரிசையை எங்கே முடிப்பது என்ற கேள்விக்கே விடை இல்லாமல் போகிறது. நிறைவு செய்ய முடியாத வரிசையை மக்கள் சேகரிப்பதில்லை, வாங்கிப் பார்த்துவிட்டு விலகிவிடுகிறார்கள். வண்ணம் பூசிய நாணயங்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: ஒளியைத் திருப்பி அனுப்புவதில் உலோகங்களிலேயே முதலிடம் வகிக்கும் வெள்ளியின் மேல் வண்ணம் பூசுவது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெள்ளியின் அந்த ஒளிதான் நாணய வடிவத்தின் உண்மையான மூலப்பொருள். முதலீட்டு நாணயங்களைப் பெரும் எண்ணிக்கையில் விரைவாக அடிக்க வேண்டியிருப்பதால் அவற்றின் புடைப்பு தாழ்வாகவே இருக்கும். உயரத்தால் காட்ட முடியாததைப் பரப்பின் பதத்தால் காட்டியாக வேண்டும். பாண்டாவில் உடலை மங்கலாகவும் பின்னணியைக் கண்ணாடி போலவும் விட்டு, வெள்ளையும் கறுப்புமான ஒரு விலங்கை ஒற்றை உலோகத்தில் காட்டிவிடுகிறார்கள். தலைகீழ் புரூஃப் என்னும் முறையில் இதைத் திருப்பி, உருவம் மின்னவும் தளம் மங்கவும் செய்வார்கள். பில்ஹார்மோனிக்கில் வேறொரு சிக்கல்: வியன்னாவின் இசைச் சங்கக் கட்டடத்தின் பெரிய ஆர்கன் இசைக்கருவி ஒருபுறம், வயலின், செல்லோ, கொம்பு முதலிய கருவிகள் மறுபுறம். எல்லாம் உயிரற்ற பொருள்கள், நேர்கோடுகளும் வளைவுகளும் மட்டும். தாமஸ் பெசென்டோர்ஃபரின் அந்த அமைப்பு நிதானமாகப் பார்த்தால் பிடிக்கும், முதல் பார்வையில் வறண்டிருக்கும். விளிம்பில் வரிகளும் இல்லாத வழுவழுப்பான நாணயம் அது.

அண்மைக்காலத்தில் போலிகளைத் தடுக்கும் ஏற்பாடுகளே வடிவத்தின் பகுதியாகிவிட்டன. இது எதிர்பாராத நன்மை. மேப்பிள் லீஃபின் வெற்றுத் தளத்தை 2014 முதல் மையத்திலிருந்து விரியும் நுண்ணிய கதிர்க்கோடுகள் நிரப்பின. லேசரால் பொறிக்கப்பட்ட மிகச்சிறிய இலைக்குள் ஆண்டின் கடைசி இரு எண்கள் உருப்பெருக்கியில் தெரியும். 2021-இன் பிரிட்டானியாவில் நாணயத்தைச் சாய்த்தால் பின்னணி அலைகள் நகர்வதுபோல் தோன்றும், ஒரு மூலையில் பூட்டு திரிசூலமாக மாறும். பிரிட்டானியாவின் வரலாற்றிலும் ஒரு பிளவு உண்டு: தொடக்கம் முதல் 2012 வரை அதன் தூய்மை 958, அதற்குப் பின் 999. அதே 2021-இல் ஈகிளின் விளிம்பு வரிகளிலும் திட்டமிட்ட ஓர் இடைவெளி விடப்பட்டது. இவற்றையெல்லாம் அறிந்த சேகரிப்பாளருக்கு, ஆண்டை மறைத்துக் காட்டினாலும் காலத்தைச் சொல்லிவிட முடியும்.

நாணயத்தின் நிலை பற்றிச் சொல்லாமல் சேகரிப்பைப் பேச முடியாது. வெள்ளி காற்றிலுள்ள கந்தக வாயுக்களோடு சேர்ந்து கறுக்கும். மெல்லிய படலமாக இருக்கும்போது பொன், நீலம், ஊதா என்று நிறங்கள் தெரியும், அவற்றை விரும்புவோரும் உண்டு. பால் புள்ளிகள் எனப்படும் வெண்மையான கறைகளை யாரும் விரும்புவதில்லை. அச்சடிக்கும் முன் வட்டத்தகடுகளைக் கழுவும் கரைசலின் மிச்சம் சூட்டில் படிந்துவிடுவதே காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது; நாணயம் வெளிவந்து வெகுநாள் கழித்தும் அவை தோன்றும். மேப்பிள் லீஃப் இதற்குப் பேர்போனது; கனடா நாணயச்சாலை 2018-இல் மின்ட்ஷீல்டு என்ற பெயரில் ஒரு தடுப்பு முறையைக் கொண்டுவந்தது. புள்ளியோ கறையோ எதுவானாலும் தேய்த்துத் துடைப்பது கூடாது; தேய்த்த கோடுகள் கறையைவிட அதிகமாக மதிப்பைக் குறைக்கும். பிவிசி கலந்த மென்மையான உறைகள் நாளடைவில் நாணயத்தின் மேல் பச்சைப் பிசுக்கை விடும் என்பதால் கெட்டியான கேப்சூல்களே உகந்தவை. கூக்கபராவும் கோலாவும் நாணயச்சாலையிலிருந்தே தனித்தனிக் கேப்சூலில் வருகின்றன.

தரமிடும் நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து எண்ணிட்டு மூடிய பெட்டியில் அடைத்துத் தருகின்றன. பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் தொடங்கின. அவை பயன்படுத்தும் 70 வரையிலான அளவுகோல், 1949-இல் வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக அமைத்தது. தேய்ந்து புழங்கிய காசுகளின் நிலையைச் சொல்ல வந்த அளவுகோலை, இயந்திரத்திலிருந்து நேராக அடுக்கி வைக்கும் குழாய்க்குள் போகும் நாணயங்களுக்குப் பயன்படுத்தினால் கிட்டத்தட்ட எல்லாம் 69-க்கும் 70-க்கும் இடையில்தான் நிற்கும். அந்த ஓர் எண்ணுக்குப் பெரும் விலை கொடுப்பதில் எனக்கு நாட்டமில்லை. டபிள்யூ ஈகிள் போன்ற விலையுயர்ந்தவற்றுக்குப் போலியில்லை என்ற உறுதிக்காகத் தரமிட்ட பெட்டி தேவை. சாதாரண ஆண்டுகளுக்கு அது வெறும் பிளாஸ்டிக்.

போலிகள் மீது ஒரு கண் இருந்தே ஆக வேண்டும், குறிப்பாகப் பாண்டாவிலும் பழைய ஆண்டுகளிலும். வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பின் அடர்த்தி 8.96. மலிவான கலவையில் எடையைச் சரியாகக் கொண்டுவந்தால் தடிமன் கூடிவிடும், தடிமனைச் சரியாக வைத்தால் எடை குறைந்துவிடும். எனவே எடை, விட்டம், தடிமன் மூன்றையும் ஒருசேர அளந்தால் பெரும்பாலான போலிகள் வெளிப்பட்டுவிடும். சாய்த்துப் பிடித்த நாணயத்தின் மேல் வலிமையான காந்தத்தை வழுக்கவிட்டால், வெள்ளியில் அது மெதுவாக இறங்கும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, ஆண்டு வரிசையை விட்டு வகை வரிசையைப் பிடியுங்கள் என்பதே. லிபர்டாடின் மூன்று வகைகள், ஈகிளின் இரண்டு பின்புறங்கள், மேப்பிள் லீஃபின் முகங்கள், 958 தூய்மையில் ஒரு பிரிட்டானியா, ஒரே பாண்டா இருமுறை வந்த 2001, 2002 ஜோடி. இவற்றில் பெரும்பாலானவை வெள்ளி விலைக்கு அதிகம் மேலே போகாமல் கிடைக்கும். லிபர்டாடின் இரண்டாம் வகைக்கு மட்டும் ஆண்டைப் பார்த்து வாங்க வேண்டும். 1998-இல் அச்சடிக்கப்பட்டவை 67,000 மட்டுமே. வகை வரிசைக்கு 1996 அல்லது 1997 போதும்.